தசையைத் தளர்த்தும் மாத்திரை எதைத் தளர்த்துகிறது?

மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார்: "அண்ணே, மசில் ரிலாக்ஸ் ஆகுற மாத்திரை ஏதாவது குடுங்க. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷம் ஆச்சு. கை இறுகி மடங்கியே கிடக்கு." கடைக்காரர் இரண்டு நொடி யோசித்துவிட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். இடுப்புப் பிடிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை அது. வாங்கியவர் நிம்மதியாகப் போனார். சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அந்தத் தயக்கத்துக்குப் பரிகாரம்தான் இந்தக் கட்டுரை. என் சித்தப்பாவுக்கு இடது பக்கம் வாதம் வந்து இது ஏழாவது வருடம். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களையும் பிசியோக்களையும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்து, மருந்தோடு வரும் பொடி எழுத்துத் தாளை லென்ஸ் வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டவன். இதைப் படித்துவிட்டு யாரும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வி கேட்க இது உதவும்.

ஒரே பெயர், மூன்று கூட்டம்

'மசில் ரிலாக்ஸன்ட்', அதாவது தசைத் தளர்த்தி என்ற ஒரே பெயருக்குள் மூன்று தனித்தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் கூட்டம் இடுப்புப் பிடிப்புக்கும் கழுத்துச் சுளுக்குக்கும் நாலைந்து நாள் கொடுப்பது. தையோகோல்சிகோசைடு, குளோர்சோக்சசோன் மாதிரியானவை. நம் ஊரில் பெரும்பாலும் வலி மாத்திரையோடு கலந்தே வரும். வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டியவை இவை. தையோகோல்சிகோசைடை மாத்திரையாக 7 நாளுக்கு மேல் தொடர வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் பரிந்துரைத்தது. உடம்புக்குள் அது உடையும்போது உண்டாகும் ஒரு பொருள், பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குளறுபடி செய்யலாம் என்பதுதான் காரணம். வருடக்கணக்காக இறுகிக் கிடக்கும் கைக்கு இதை மாதக்கணக்கில் விழுங்கினால், கை அப்படியே இருக்கும். கூடவே வரும் வலி மாத்திரையால் வயிறும் கிட்னியும்தான் கெடும்.

இரண்டாவது கூட்டம் ஆபரேஷன் தியேட்டரையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் தாண்டி வெளியே வராது. வெக்குரோனியம் போன்ற ஊசிகள் உடம்பின் தசைகளை முழுசாகச் செயலிழக்க வைக்கும். மூச்சு விடும் தசைகூட நின்றுபோகும் என்பதால் மெஷின்தான் மூச்சுக் கொடுக்கும்.

மூன்றாவதுதான் நம் விஷயம். மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்பட்டதால் வரும் தசை விறைப்புக்குக் கொடுப்பவை: பேக்லோஃபென், டைசானிடின், டான்ட்ரோலீன், டயஸிபாம். இதில் டைசானிடின் மட்டும் முதல் கூட்டத்திலும் அடிக்கடி தலைகாட்டும்.

வாசலில் ஒரு நாய்

விறைப்பு எப்படி வருகிறது என்று தெரியாமல் மருந்து புரியாது. டவுன் பஸ்ஸில் நிற்கிறீர்கள், டிரைவர் சடாரென்று பிரேக் அடிக்கிறார். உடம்பு முன்னால் சாய்கிறது, கெண்டைக்கால் தசை நீள்கிறது. நீங்கள் 'ஐயோ' என்று நினைப்பதற்குள் அந்தத் தசை தானாக இறுகி உங்களை நிமிர்த்திவிடுகிறது.

ஏறக்குறைய ஒவ்வொரு தசைக்குள்ளும் நீளத்தை அளக்கும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை சட்டென்று நீண்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தண்டுவடம் 'இறுகு' என்று உடனே அதே தசைக்குப் பதில் அனுப்பிவிடும். மூளை வரை போய் அனுமதி வாங்கிவர நேரமில்லை. இதற்கு நீட்சி அனிச்சை என்று பெயர். முழங்காலில் சின்னச் சுத்தியலால் டாக்டர் தட்டிப் பார்ப்பது இதைத்தான்.

இந்த அனிச்சையை வாசலில் கட்டியிருக்கும் காவல் நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தாலும் குரைப்பது அதன் சுபாவம். ஆனால் உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "ஏய், சும்மா இரு, நம்ம பால்காரர்தான்" என்று ஓர் அதட்டல் போடுவார். அடங்கிவிடும். அந்த வீட்டுக்காரர்தான் மூளை. கையை நீட்டும்போதும் காலை மடக்கும்போதும் 'இது நாம் செய்கிற அசைவுதான், விடு' என்று மேலிருந்து தண்டுவடத்துக்கு ஓர் அடக்கும் செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. நமக்கு அது தெரிவதேயில்லை.

பக்கவாதம், தலைக்காயம், தண்டுவடக் காயம், நரம்பின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், குழந்தைகளுக்கு வரும் பெருமூளை வாதம் என்று எதுவானாலும், மேலிருந்து வரும் அந்தக் கம்பி அறுந்தால் வீட்டுக்காரரின் குரல் வாசல் வரை எட்டாது. நாய் மட்டும் இருக்கிறது. பால்காரருக்கும் குரைக்கிறது, காற்றுக்கும் குரைக்கிறது.

இது உடனே நடப்பதில்லை. வாதம் வந்த புதிதில் கை ஈரத்துணி மாதிரி தொங்கும். சில வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல இறுக ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அன்று "கைக்கு உயிர் வருது" என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். உடைத்ததில் தவறில்லை, ஆனால் வந்தது உயிர் இல்லை. விறைப்பு. மருத்துவத்தில் அதன் பெயர் ஸ்பாஸ்டிசிட்டி.

சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால்

கார் சீட் பெல்ட்டை மெதுவாக இழுங்கள், வந்துகொண்டே இருக்கும். வெடுக்கென்று இழுங்கள், பூட்டிக்கொள்ளும். ஸ்பாஸ்டிசிட்டியும் அப்படியேதான். தசையை எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு எதிர்க்கும். ஜேம்ஸ் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் 1980-இல் எழுதிய வரையறையின் சாரமே இந்த 'வேகத்தைப் பொறுத்தது' என்பதுதான். இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள். பார்க்கின்சன் நோயின் இறுக்கம் வேறு ரகம். மெதுவாக அசைத்தாலும் வேகமாக அசைத்தாலும் அது ஒரே மாதிரி எதிர்க்கும்.

இது தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் நின்றது. சொந்தக்காரர் ஒருவர் வாரம் ஒரு தடவை வந்து, எண்ணெய் தேய்த்து, "விட்டா இப்படியே நின்னுடும்" என்று சித்தப்பாவின் விரல்களைப் பலங்கொண்ட மட்டும் பிரிப்பார். பிரிக்கப் பிரிக்க மூடிக்கொள்ளும். பிசியோ அக்கா வந்து செய்து காட்டினார். மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மடக்கினார். கட்டை விரலின் அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்தார். அப்படியே பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார். ஒரு நிமிடத்தில் மற்ற விரல்கள் தாமாக விட்டுக்கொடுத்தன. உள்ளங்கையில் நகம் பதிந்து நாலு பிறை வடிவத் தழும்பு. அழுக்கும் வியர்வையும் சேர்ந்து புளித்த வாடை. அன்றுதான் அந்தக் கையை முழுசாகக் கழுவினோம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் மடங்கியே கிடந்தால் தசையும் தசைநாணும் நிரந்தரமாகக் குறுகிவிடும். இது சுருக்கம். நாய் குரைப்பது நின்றாலும் கதவு துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட நிலை. எந்தத் தளர்த்தி மாத்திரையும் இதைத் திறக்காது.

இதுவரை பார்த்ததைச் சொன்னால்: தசை தன் பாட்டில் இறுகவில்லை, தண்டுவடத்தின் அனிச்சை அதை இறுக்குகிறது. அந்த அனிச்சையை அடக்கிவைக்கும் மூளையின் குரல் அறுந்துபோனதால் வந்த நிலை இது. தசைக்குள் கோளாறு இல்லை என்றால், மருந்து தசைக்குள் போய் என்ன செய்யும்? பெரும்பாலான மருந்துகள் அங்கே வேலை செய்வதே இல்லை.

மருந்து எங்கே போகிறது

அடக்கும் செய்தியை நரம்பு மண்டலம் ரசாயனமாகத்தான் அனுப்புகிறது. அதில் முக்கியமான ஒன்று காபா. நரம்பு செல்களைச் 'சும்மா இரு' என்று அமர்த்தும் ரசாயனம். அப்படியானால் காபாவையே மாத்திரையாக விழுங்கலாமே என்றால், அது ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் எளிதில் நுழையாது. 1962-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் ஹைன்ரிக் கெபர்லே காபாவோடு ஒரு கூடுதல் துண்டைக் கோத்து, உள்ளே நுழையும்படி ஒரு மூலக்கூறைச் செய்தார். அதுதான் பேக்லோஃபென். செய்தது வலிப்பு நோய்க்காக. வலிப்புக்குப் பிரயோஜனப்படவில்லை, ஆனால் இறுகிய கைகால்கள் தளர்ந்தன. அது நரம்பில் எந்தக் கதவைத் தட்டுகிறது என்பது (காபா-பி என்ற ஏற்பி) ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 1980-களின் தொடக்கத்தில்தான் தெளிவானது. அதற்குள் எத்தனையோ பேர் விழுங்கி முடித்திருந்தார்கள்.

பேக்லோஃபென் தண்டுவடத்தில் அந்த 'இறுகு' செய்தியின் சத்தத்தைக் குறைக்கிறது. டைசானிடின் வேறு கதவு வழியாகப் போய் அதே வேலையைச் செய்கிறது. ரத்த அழுத்த மருந்தான குளோனிடினுக்கு அது சொந்தக்காரர், அதனால் பிரஷரையும் இறக்கும். டயஸிபாம் காபாவின் இன்னொரு கதவை இன்னும் அகலமாகத் திறந்துவைக்கிறது. அது தூக்கத்தையும், நாளாவட்டத்தில் அடிமைப் பழக்கத்தையும் கொண்டுவரும் என்பதால் வயதானவர்களுக்குக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். டான்ட்ரோலீன் ஒன்றுதான் உண்மையிலேயே தசைக்குள் வேலை செய்கிறது. தசை சுருங்கத் தேவையான கால்சியத்தை அது அடைத்துவைக்கும். ஈரலைக் கெடுக்கக்கூடியது என்பதால் ரத்தப் பரிசோதனையோடுதான் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு சங்கடம். வாய்வழி விழுங்கிய மாத்திரை 'இடது கைக்கு மட்டும்' என்று விலாசம் பார்த்துப் போகாது. ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகும். குரைக்கும் நாயை அமர்த்த வீடு முழுக்கத் தூக்கப்புகை போட்ட மாதிரி. நாயும் தூங்கும், வீட்டில் இருப்பவர்களும் கொட்டாவி விடுவார்கள். அந்தக் கொட்டாவிதான் பக்கவிளைவு.

தளர்ந்தால் நல்லதுதானே?

கை இறுகியிருப்பதால்தான் அசையவில்லை, தளர்த்திவிட்டால் அசையும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். உண்மையில் மூளைக் கம்பி அறுந்ததால் இரண்டு தனித்தனி நஷ்டங்கள். ஒன்று விறைப்பு, மற்றது பலவீனம். மாத்திரை முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதைத் தொடவே தொடாது. சில சமயம் கூட்டும்.

அதைவிடச் சிக்கல், விறைப்பு சில பேருக்குத் தூணாக நிற்கிறது. பலமிழந்த காலில் தொடைத் தசை விறைத்து நிற்பதால்தான் முழங்கால் மடங்காமல் அந்த மனிதர் எழுந்து நிற்கவே முடிகிறது. அதை உருவிவிட்டால்?

சித்தப்பாவுக்குப் பேக்லோஃபென் ஆரம்பித்தபோது 5 மி.கி. மூன்று வேளை. சில நாளுக்கு ஒருமுறை மெல்ல ஏற்றச் சொன்னார் டாக்டர். 10, 10, 10 வரை அருமையாகப் போனது. விரல்கள் தளர்ந்தன, நகம் வெட்ட முடிந்தது, ராத்திரி கால் வெட்டி எழுப்புவது நின்றது. "இன்னும் கொஞ்சம் ஏத்தினா கை நல்லா வந்துடும்" என்று நாங்களாகவே அவசரப்பட்டு 15 ஆக்கினோம். மூன்றாவது நாள் காலை, பாத்ரூம் வாசலில் இடது முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலும்பு உடையாதது அதிர்ஷ்டம். "விறைப்பா இருந்தப்பகூட நடந்தேண்டா. இப்ப கால் ரப்பர் மாதிரி இருக்கு," என்றார். டாக்டர் திட்டிவிட்டு அளவை வேறு மாதிரி பிரித்துக் கொடுத்தார். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதனால் மாத்திரையை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு கேள்வி: எதற்காகத் தளர்த்துகிறோம்? 'கை நல்லாகணும்' என்பது இந்த மாத்திரையால் எட்டக்கூடிய குறி அல்ல. உள்ளங்கையைக் கழுவ முடியணும், சட்டைக் கையில் கையை நுழைக்க முடியணும், ராத்திரி தூங்கணும், வீல் சேரில் நேராக உட்காரணும் என்பவை எட்டக்கூடியவை. இதைச் சொல்லிக் கேட்டால் டாக்டருக்கும் அளவு வைப்பது எளிது. ஆஸ்பத்திரியில் கையை நீட்டிப் பார்த்து 0 முதல் 4 வரை மார்க் போடுவார்களே, அந்த அளவுகோலின் மூல வடிவத்தை ஆஷ்வொர்த் என்பவர் 1964-இல் கரிசோபுரோடால் என்ற மருந்தைச் சோதிக்க உண்டாக்கினார். விறைப்புக்கு அந்த மருந்து நிலைக்கவில்லை, மார்க் ஷீட் மட்டும் உலகம் முழுக்க நிற்கிறது. அந்த மார்க் குறைந்தும் வீட்டில் ஒரு காரியமும் சுலபமாகவில்லை என்றால் மாத்திரையால் என்ன லாபம் என்று தைரியமாகக் கேட்கலாம்.

தூக்கம், கிறக்கம், கிட்னி

தூக்கக் கலக்கம், தலைசுற்றல், குமட்டல், உடம்பு பூராவும் தளர்ச்சி எல்லாம் பொதுவானவை. முதல் வாரங்களிலும் அளவு ஏற்றும் நாட்களிலும் அதிகம். டைசானிடினில் வாய் உலரும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்ல வழக்கம். ஈரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கழுத்தும் முதுகும் முன்பே பலவீனமாக இருந்தால், தளர்த்தி கொடுத்தபின் தலை நிற்பது இன்னும் குறையலாம். எச்சில் வழிவதும் கூடலாம். வலிப்பு உள்ளவர்களுக்குப் பேக்லோஃபெனைக் கூடுதல் கவனத்தோடுதான் கொடுப்பார்கள்.

எதோடு சேர்கிறது என்பது பெரிய விஷயம். மது, தூக்க மாத்திரை, சில வலிப்பு மருந்துகள், ஏன், சளிக்குக் கடையில் வாங்கும் தூக்கம் வரும் மாத்திரைகூடச் சேர்ந்தால் கிறக்கம் ஒன்றுக்கு இரண்டாகும், மூச்சும் மந்தமாகலாம். டைசானிடினுக்கு ஒரு குறிப்பிட்ட எதிரி உண்டு: சிறுநீர்த் தொற்றுக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதும் சிப்ரோஃப்ளாக்சசின். டைசானிடினை உடைக்கும் ஈரல் நொதியை அது முடக்கிவிடும். ரத்தத்தில் டைசானிடின் பல மடங்கு ஏறி, பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். ஃப்ளூவாக்சமைன் என்ற மனநல மருந்தும் அப்படியே. இந்த இரண்டோடும் டைசானிடின் கூடவே கூடாது. சிறுநீருக்கு ஒரு டாக்டர், கைக்கு ஒரு டாக்டர் என்று போகிறவர்கள் இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்டியே ஆக வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் கவனிக்காமல் விடுவது கிட்னி. பேக்லோஃபெனில் பெரும்பகுதி உடையாமல் அப்படியே சிறுநீரில் போக வேண்டும். வடிகால் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்குவது மாதிரி, கிட்னி பலவீனமானவர்களுக்குச் சாதாரண அளவே உடம்பில் தேங்கிவிடும். குழம்பிப் பேசுவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், சில சமயம் கோமா வரை போகும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே இது நடந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: பக்கவாதத்தைக் கொண்டுவந்தது பெரும்பாலும் சுகரும் பிரஷரும். கிட்னியைக் கெடுப்பதும் அதே இரண்டுதான். ஆக இந்த மாத்திரை தேவைப்படுகிறவர்களில் பலர், இதை வெளியேற்றச் சிரமப்படுகிறவர்களாகவும் இருப்பார்கள். கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

சுருக்கமாக: மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது, அதனால் விறைப்போடு விழிப்பும் பலமும் குறையலாம். எந்த மருந்தோடு சேர்கிறது, எந்த உறுப்பு வழியாக வெளியேறுகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் அளவு பேசக் கூடாது.

நிறுத்தின மூன்றாம் நாள்

பக்கவிளைவுக்குப் பயந்து, "இது பவர் மாத்திரை, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம்" என்று முடிவெடுப்பது நம் வழக்கம். என் கணக்கில், இந்த மருந்தில் ஆரம்பிக்கும் நாளைவிட நிறுத்தும் நாள்தான் பயங்கரமானது.

மாதக்கணக்கில் வெளியிலிருந்து 'சும்மா இரு' என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தால், நரம்புகள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும். குரலைத் திடீரென்று நிறுத்தினால் நாய் பழைய சத்தத்துக்குத் திரும்புவதில்லை. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும். விறைப்பு பழையதைவிட மோசமாக வரும். சொறி இல்லாமலே அரிப்பு, காய்ச்சல், படபடப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது, வலிப்பு. கடுமையானால் தசைகள் சிதைந்து உயிருக்கே ஆபத்து.

ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இதைப் பார்த்தோம். மாத்திரை தீர்ந்தது. போன கடைகளில் ஸ்டாக் இல்லை. "பண்டிகை முடிஞ்சு வாங்கிக்கலாம்" என்று விட்டோம். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார், பட்சணத்தில் எண்ணெய் சரியில்லை என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல். இடது கால் வீல் சேரின் மிதிபலகையில் டக்டக்டக் என்று நிற்காமல் தாளம் போட்டது. ராத்திரி கொல்லைப்பக்கம் கை காட்டி, "அங்க யாரு நிக்கிறது, உள்ள வரச் சொல்லு" என்றார். அங்கே துவைத்த வேட்டிதான் தொங்கிக்கொண்டிருந்தது. வைரஸ் காய்ச்சல் என்று கூட்டிப்போனோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வழக்கமா சாப்பிடற மாத்திரையில எதையாவது நிறுத்தினீங்களா?" மறுபடி பேக்லோஃபென் ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது. இரண்டு நாளில் அவருக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. எங்களுக்கு இருக்கிறது.

டைசானிடினைத் திடீரென்று நிறுத்தினால், எதிர்ப்பக்கமாகப் பிரஷரும் நாடித்துடிப்பும் எகிறும். டயஸிபாமை நிறுத்தினால் வலிப்பு வரலாம். எதுவானாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாக, பெரும்பாலும் வாரங்கள் எடுத்துத்தான் இறக்க வேண்டும்.

வேறு காரணத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து, 'ஒன்றும் சாப்பிடக் கூடாது' என்று எழுதிப்போடும்போதும் இதே ஆபத்து. வார்டில் சொல்லிவிடுங்கள். வாந்தி பேதியில் இரண்டு நாள் மாத்திரை தங்காவிட்டாலும் அப்படித்தான். பேக்லோஃபெனில் 10 மி.கி., 25 மி.கி. என்று இரண்டும் விற்கும். அவசரத்தில் மாறி வரும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

திடீரென்று கூடினால் பாம்பைத் தேடு

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு வாரமாக விறைப்பு கூடிக்கொண்டே போகிறது. உடனே அளவை ஏற்றத் தோன்றும். பொறுங்கள். அமைதியாக இருந்த நாய் திடீரென்று விடாமல் குரைத்தால் கொல்லையில் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா? சிறுநீர்த் தொற்று, நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப் புண், உள்நோக்கி வளர்ந்த கால் நகம், இறுக்கமான செருப்பு வார் என்று உடம்பு வலியாக உணர வேண்டிய எதுவும் விறைப்பாக வெளியே வரலாம். உணர்ச்சி மரத்த காலில் வலியைச் சொல்லும் வேறு வழி அதற்கு இல்லை. தண்டுவடக் காயம் பட்டவர்கள் பலர், "கால் ரொம்ப வெட்டுது, யூரின் டெஸ்ட் பண்ணணும்" என்று தாங்களே சொல்லிவிடுவார்கள்.

வீடு முழுக்கப் புகை போடாமல்

இறுகியது ஒரு கை மட்டும் என்றால் முழு உடம்பையும் ஏன் மந்தமாக்க வேண்டும்? அதற்குத்தான் ஊசி. போட்டுலினம் டாக்சின், முகச் சுருக்கத்துக்கு நடிகர்கள் போடுவதாகக் கேள்விப்பட்ட அதே பொருள். இறுகிய தசைக்குள்ளேயே போட்டால், நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அங்கேயே நிறுத்திவிடும். சில நாட்களில் வேலை ஆரம்பித்து ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். பக்கவாதத்தில் கை மட்டும் மடங்கியவர்களுக்கு மாத்திரையைவிட இதுவே பொருத்தம் என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். விலைதான் கையைக் கடிக்கும். மருந்து பக்கத்துத் தசைகளுக்குப் பரவினால் அவையும் தளரும். அரிதாக விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஊசி போட்ட மூன்று மாதத்தையும் பிசியோவுக்குப் பயன்படுத்தாவிட்டால் காசு கரைந்ததுதான் மிச்சம்.

இரண்டு காலும் கடுமையாக விறைத்து, மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குப் பம்ப். வயிற்றுத் தோலுக்கு அடியில் வட்டமான சின்னக் கருவி வைத்து, மெல்லிய குழாய் வழியாகப் பேக்லோஃபெனைத் தண்டுவட நீருக்குள் நேராகச் சொட்டவிடுவார்கள். 1984-இல் சிகாகோவில் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி குரோயின் இருவரும் இந்த வழியைக் காட்டினார்கள். 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாயின் காதுக்குள் நேராகப் பேசுவதால், மாத்திரையில் மில்லிகிராமில் கொடுப்பதை இங்கே மைக்ரோகிராமில் கொடுத்தால் போதும். கலக்கமும் குறைவு. ஆனால் குழாய் மடங்கினாலோ, மருந்தை நிரப்பும் தேதி தவறினாலோ, எங்கள் தீபாவளியைவிடப் பல மடங்கு கொடூரமாக விளைவு வரும். உயிர் போயிருக்கிறது.

சித்தப்பாவுக்கு இன்று

ஊசி இரண்டு தடவை போட்டோம், பிறகு கட்டுப்படியாகவில்லை. இப்போது மாத்திரைதான். காலையில் 5, மதியம் 5, ராத்திரி படுக்கும்போது 20. பேக்லோஃபெனின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும் என்பதால்தான் டாக்டர் இப்படிப் பிரித்தார். ராத்திரி கால் வெட்டாமல் தூங்குகிறார். விடியும்போது மருந்து வடிந்து, இடது கால் கொஞ்சம் விறைப்பாகியிருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் காலைத் தரையில் ஊன்றி, "நில்லுடா" என்று அதற்கு ஓர் அதட்டல் போட்டு எழுந்து நிற்கிறார். பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகுதான் காலை மாத்திரை.